தழையைக் கீழே போடாதவன்

உதவி செய்யப் போகிறவன் கேமராவைப் பார்க்கக்கூடாது. பட்டுத் தெரிந்துகொண்டேன். (பட்டவன் நான், ஓடியவை ஆடுகள்.)

அந்த வருஷம் மழை சுத்தமாக ஏமாற்றிவிட்டது. படாளம் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வருஷா வருஷம் செம்மறி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வரும் கருப்பையா குடும்பம் அங்கே மாட்டிக்கொண்டது. ஆடுகளை இரவில் வயலில் அடைத்தால் புழுக்கை உரமாகும். அதற்குக் கிடை போடுவது என்று பெயர். கிடை போட்ட நிலக்காரர் வீட்டிலிருந்துதான் அவர்களுக்கு அரிசி வரும். தண்ணீரே இல்லாதபோது யார் பயிர் வைப்பது, யார் கிடைக்குக் கூப்பிடுவது? அவர்கள் அடுப்பு எரிவதே அதிசயமாகிவிட்டது என்று படாளத்திலிருக்கும் என் மச்சான் சேகர் போனில் சொன்னான்.

படூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அப்போது நான் செயலாளர். வாட்ஸ்அப்பில் உருக்கமாக ஒரு வேண்டுகோள் விட்டேன். குவிந்ததைப் பார்க்க வேண்டுமே: ஓட்ஸ், பாஸ்தா, உடம்பு இளைக்க யாரோ குடிக்கும் கிரீன் டீ. (பசியில் இருப்பவர்களுக்கு!) அரிசி பருப்பை நானே வாங்கினேன். ஆடுகளுக்காகக் கட்டுக்கட்டாக அகத்திக்கீரை. எல்லாவற்றையும் சேகரின் குட்டியானை வண்டியில் ஏற்றிப் புறப்பட்டோம்.

ஏரிக்கரையில் கருப்பையா கும்பிட்டார். நான் உடனே வண்டிமேல் ஏறிவிட்டேன். குடியிருப்புக்காரர்களுக்குக் காட்டப் படம் வேண்டுமல்லவா! போனை அவரிடமே கொடுத்து எடுக்கச் சொல்லி, ஓர் அகத்திக்கட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துச் சிரித்தேன்.

கிடைக்காரர்கள் இடம் மாறும்போது ஒருவர் தழையைத் தூக்கிக் காட்டியபடி முன்னால் நடப்பார். மந்தை பின்னால் போகும். சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். சிரிக்கும்போது ஞாபகம் வரவில்லை.

மந்தை மொத்தமும் என்னை நோக்கிப் பாய்ந்தது.

"வண்டிய எடு மச்சான்!" என்று அலறினேன். சேகரும் பயந்து எடுத்துவிட்டான்.

"அண்ணே, தழையக் கீழ போடுங்கண்ணே!" என்று கத்திக்கொண்டே கருப்பையா பின்னால் ஓடி வந்தார்.

நான் அகத்திக்கட்டை இன்னும் உயரத் தூக்கினேன். (ஏன் என்று கேட்காதீர்கள்.)

"மாமா, அத்த வுட்டுத் தொலை மாமா! ஊரே பாத்துகினு கீது!" இது சேகர்.

வண்டி திரும்பிய இடத்தில் ராஜமாணிக்கம் என்பவரின் மல்லாட்டைக் கொல்லை. போர்த் தண்ணீரில் ஊரிலேயே பச்சையாக நின்ற ஒரே பயிர் அந்த வேர்க்கடலைதான். அதைக் கண்ட பிறகு ஆடுகள் என்னைச் சீந்தவில்லை.

கருப்பையாவும் அவர் மனைவியும் ஆடுகளை வெளியே விரட்டுவதற்குள் ஓர் ஓரம் மொட்டையாகிவிட்டது. கருப்பையா வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பயிரில் ஆட்டை விட்டவன் என்று பேர் வந்தால் அந்தப் பக்கத்தில் இனி எவரும் கிடைக்குக் கூப்பிட மாட்டார்கள். அரிசி கொடுக்க வந்த நான், அரிசி வரும் வழியையே அடைத்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது.

ராஜமாணிக்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "இன்னாய்யா இது? யாரு வேல?"

"என் வேலைதாங்க," என்றேன். அகத்திக்கட்டு அப்போதும் கையில் இருந்தது.

என்னை மேலும் கீழும் பார்த்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கருப்பையா பக்கம் திரும்பினார். "தின்னதுக்கு ஈடா, பின்னால சும்மா கீற நெலத்துல கிடை போடு."

"அபராதமாங்கய்யா?"

"அபராதந்தான். அதுக்காவ வவுத்தக் காயப் போட்டுகினா கிடை போடுவ? அரிசி வூட்லேர்ந்து வரும்."

அன்று சாயங்காலமே அந்தக் குடும்பத்தின் அடுப்பு எரிந்தது. நான் கொண்டுபோன அரிசியையும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்கள். கிரீன் டீ மட்டும் இன்னும் என் வீட்டில் இருக்கிறது.

கருப்பையா எடுத்த படம் அருமையாக வந்திருந்தது: வாயைப் பிளந்தபடி நான், கீழே கடலாக ஆடுகள். மாமியார் வீட்டில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டு போனால்கூட "மாமா, தழையக் கீழ போடு!" என்று சேகர் வாசலிலேயே கத்துவான்.

ஒவ்வொரு வருஷமும் படாளம் வந்து சேர்ந்ததும் கருப்பையா போன் செய்கிறார். "அண்ணே, கிடை போட்டாச்சு. சோறாக்கி வைக்கிறோம், சாப்பிட வாங்க. வெறுங்கையோட வாங்கண்ணே, போதும்."