கொசு வாசித்த நாதஸ்வரம்

"நாதஸ்வரம் மாதிரி இல்லைங்க. கொசு வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றாள் ஞானாம்பாள்.

லக்ஷ்மிநாராயணன் ஆம்ப்ளிஃபயரின் வால்யூமை முழுக்கத் திருகினார். கொசு அப்படியேதான் இருந்தது. கூடவே ஓர் உறுமல் சேர்ந்துகொண்டது.

மாடம்பாக்கத்து ஃப்ளாட்டுக்கு ரெக்கார்டு பிளேயர் வந்த நாளிலிருந்தே மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில், 'ப்ளூடூத்தில் கேட்பதெல்லாம் பாட்டே அல்ல' என்று எழுதித் தொலைத்தார். மேல்மாடி மோகன்ராஜ் தேங்காய் அளவு ப்ளூடூத் ஸ்பீக்கர் வைத்திருப்பவர். சும்மா இருப்பாரா? 'ஞாயிறு சாயங்காலம் வரேன் சார், நிஜப் பாட்டைப் போட்டுக் காட்டுங்க' என்று பதில் போட்டார். மொத்தக் குடியிருப்பும் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கியது.

இன்று ஞாயிறு. தோற்றால் லிஃப்டில் ஒருவர் முகத்தையும் பார்க்க முடியாது.

ஒயரைப் பிடுங்கி, கரோக்கி மைக் செருகும் துளையில் செருகினார். இப்போது சத்தம் வந்தது.

"கொசு போயிடுச்சு. அப்பளம் பொரியுது" என்றாள் ஞானாம்பாள்.

பெங்களூரில் இருக்கும் மகன் பிரணவுக்கு போன் போட்டார்.

"அப்பா, பிளேயர்லேருந்து வர சிக்னல் ரொம்பச் சின்னது. நடுவுல ப்ரீஆம்ப்னு ஒரு குட்டி டப்பா வைக்கணும். அது பெருசாக்கிக் கொடுக்கும். மைக் துளையை விட்டுடுங்க."

தாம்பரம் மார்க்கெட்டுக்கு ஓடிப்போய்த் திரும்பியவர் கையில் இரண்டு டப்பா இருந்தது.

"அவன் ஒண்ணுதானே சொன்னான்?"

"ஒண்ணு, பாட்டு கேக்கறதுக்கு. இன்னொண்ணு மோகன்ராஜுக்கு."

இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தார். ஒவ்வொன்றுக்கும் ஓர் அடாப்டர். எல்லாவற்றையும் இன்சுலேஷன் டேப் சுற்றிய பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் திணித்தார். சோதித்துப் பார்க்கலாம் என்று நினைத்தபோது காலிங் பெல் அடித்தது.

மோகன்ராஜ் தனியாக வரவில்லை. சாட்சிக்குப் பக்கத்து ஃப்ளாட் ஜோதிலட்சுமி டீச்சரையும் அழைத்து வந்திருந்தார். தேங்காய் ஸ்பீக்கர் அவர் கக்கத்தில் இருந்தது.

"வெளியில ஒரே இரைச்சல், ஜன்னலைச் சாத்தட்டுமா?" என்றாள் ஞானாம்பாள்.

"வேண்டாம். ஒலி மூச்சு விடணும்" என்றார் லக்ஷ்மிநாராயணன். எங்கோ யூடியூபில் கேட்டது. "எல்லாரும் கண்ணை மூடிக்குங்க. ரெக்கார்டைக் கண்ணைத் திறந்துண்டு கேக்கறது பாவம்."

ஊசியை இறக்கிவிட்டு, தானும் கண்ணை மூடிக்கொண்டு, வால்யூமை முழுக்கத் திருகினார். 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. அவருக்குக் கண்ணைத் திறக்கவே பயமாக இருந்தது.

அப்போது எழுந்தது நாதஸ்வரம். தவில் நெஞ்சில் இடித்தது. அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. லக்ஷ்மிநாராயணனின் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"பக்கத்துல உக்காந்து வாசிக்கிற மாதிரியே இருக்கு சார்" என்று கத்தினார் மோகன்ராஜ். கத்தினால்தான் கேட்டது.

"அந்த அழுத்தம் இருக்கே, அது டிஜிட்டல்ல வராது" என்று கத்தினார் லக்ஷ்மிநாராயணன்.

"நான் வெச்சிருக்கறது ஸ்பீக்கரே இல்லை. இனிமே இதை பாத்ரூம்ல வெச்சுக்கறேன்."

டீச்சர் கண்ணை மூடியபடியே, 'இதுதான் நிஜப் பாட்டு' என்று குழுவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். லக்ஷ்மிநாராயணன் பரந்த மனசோடு, "பாவம், ப்ளூடூத்காரங்களையும் குறை சொல்லக்கூடாது. நிஜ ஒலியைக் கேட்ட காது வேணுமில்லையா?" என்றார்.

நாதஸ்வரம் ஓய்ந்தது. கண்ணைத் திறக்க யாருக்கும் மனமில்லை. வாசலில் யாரோ இருமினார்கள். வாட்ச்மேன் மாரி.

"சார், கீழ மீட்டர் ரூம்ல உங்க வூட்டு ஃபியூஸ் பூட்ச்சு. இன்வெர்ட்டர்ல ஃபேன் ஓடிகினு கீது, அதான் உங்களுக்குத் தெர்ல. இப்ப போட்டுடவா?"

"எப்போ போச்சு?" என்றார் லக்ஷ்மிநாராயணன், மிக மெல்லிய குரலில்.

"எதிர்ல அம்மன் கோயில்ல ஆடித் திருவிழாக்கு மேளம் வாசிச்சாங்களே சார், அதுக்கு முன்னாடியே பூட்ச்சு."