மாமனாரின் கணினி வாய் திறந்த நாள்

ஓசியில் கிடைக்கும் மென்பொருளைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் எனக்கு வேலை. ஆனால் என் மேஜையைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நூலைப் பற்றி எந்தக் கவலையும் கிடையாது. "பிடிஎஃப்ல ஒரே ஒரு பக்கத்தை மட்டும் பிரிக்கணும் சார்", "போட்டோ சைஸக் குறைக்கணும் சார், அப்ளிகேஷன்ல ஏற மாட்டேங்குது" என்று வருவார்கள். நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இதுக்குப் போய்க் காசு குடுப்பாங்களா? இலவசமாவே ஒண்ணு இருக்கு" என்பேன். அந்த நேரத்தில் முகத்தில் வள்ளல் களை வந்துவிடும். (யாரோ எங்கேயோ கண்விழித்து எழுதிய மென்பொருள். அதை இறக்கிக் கொடுப்பதற்கு எனக்கு வள்ளல் பட்டம்!)

இந்த வள்ளல்தனத்தை அலுவலகத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற மாமனார் வீடு வரைக்கும் கொண்டுபோனேன்.

எனக்கும் கோதைக்கும் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. மாமா ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை என்ற மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அவர் முன்னால் உட்கார்ந்தால் என் முதுகெலும்பு தானாக நிமிர்ந்துகொள்ளும். அவரிடம் ஒரு கதை உண்டு. பனிமலை முகாமுக்குச் சாமான் சுமந்துபோகும் கோவேறு கழுதை ஒன்று, பனிமூட்டத்தில் வழி தவறிய அவரையும் இன்னும் நான்கு வீரர்களையும் தன் வாலைப் பிடித்துக்கொண்டு வரச் செய்து முகாமில் சேர்த்த கதை. நல்ல கதைதான். முதல் நான்கு தடவை எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

அந்த வருடம் மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும், ஒரு மாதம் பேப்பர் படிக்கக் கூடாது, டி.வி. பார்க்கக் கூடாது என்று உத்தரவு. செய்தித்தாளை டெண்டர் விளம்பரம் வரைக்கும் விடாமல் படிக்கிற மனிதர். அது இல்லாமல் போனதும் அவருடைய கவனம் முழுவதும் வீட்டின் மேல் திரும்பியது. பார்க்க முடியாததைக் காதால் மேற்பார்வை செய்தார். கூடத்தில் இருந்துகொண்டே, "குக்கர் நாலு விசில் வந்திருச்சு, ஒங்களுக்குக் கேக்கலையா?" என்பார். அத்தை என்னிடம் போனில் அழாத குறை.

"மாப்பிள்ளை, அந்த மனுசனுக்கு ஒரு வேலை குடுங்க. இல்லேன்னா நான் எங்கயாவது போயிருவேன்."

உடனே நான் சொன்ன பதில் உங்களுக்குத் தெரியும். "அத்தை, இலவசமாவே ஒண்ணு இருக்கு."

திரையில் இருப்பதைச் சத்தமாகப் படித்துக்காட்டும் மென்பொருள் அது. பார்வையில்லாதவர்கள் கணினியைப் பயன்படுத்துவதற்காக உருவாக்கியது. தமிழும் படிக்கும். குரல்தான் தகரக் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி இருக்கும். ஆனால் எதையும் விடாது. எழுத்தைப் படிக்கும், பொத்தானின் பெயரைப் படிக்கும், சுட்டியை எதன் மேல் கொண்டுபோனாலும் அதைச் சொல்லும். வாட்ஸ்அப்பில் நாம் அனுப்புகிற மஞ்சள் முகங்களைக்கூட, "கண்ணீருடன் சிரிக்கும் முகம்" என்று பெயர் சொல்லி அழைக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை போய் மாமாவின் கணினியில் அதைப் போட்டுக் கொடுத்தேன். மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் மச்சினன் ஸ்ரீதருடைய ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டையும் அதோடு இணைத்தேன். ஒரு கோப்பினை என் போனிலிருந்து மாற்றுவதற்காக என் வாட்ஸ்அப்பை அந்தக் கணினியில் திறந்தேன். கோப்பு வந்துவிட்டது. வாட்ஸ்அப்பை மூடினேனா? (மூடியிருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும்.)

மாமா அசந்துபோனார். மறுநாள் காலையிலிருந்து கணினி செய்தித்தாளைப் படிக்க, அவர் கைகட்டிக் கேட்டார். "மாப்ளே, இவன் எம்புட்டு நேரம் படிச்சாலும் தண்ணி கேக்க மாட்டேங்கான்" என்று அத்தனை பெருமை. அத்தை எனக்கு மட்டும் தனியாக இரண்டு முட்டை பொரித்துப் போட்டார். வாழ்க்கையில் ஒரு மருமகன் அடையக்கூடிய உயரத்தை நான் அடைந்துவிட்டதாக நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மம்சாபுரத்திலிருந்து ஸ்ரீதருக்குப் பெண் கொடுக்க நினைத்தவர்கள் வீடு பார்க்க வந்தார்கள். பெண்ணின் அப்பா, அம்மா இரண்டு பேர் மட்டும். அப்பா அங்கே இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், அதிகம் பேசாதவர். ஏற்கெனவே இரண்டு வரன்கள் கைகூடாமல் போயிருந்ததால் அத்தை காலையிலிருந்து சாமி படத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமனார் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். கூடம் முன்னால், சமையலறை கடைசியில், நடுவில் முற்றம். அதனால் நானும் கோதையும் ஒரே வீட்டுக்குள் இருந்தாலும் வாட்ஸ்அப்பில்தான் பேசிக்கொள்வோம். அவள் மிக்சர் தட்டை வைத்துவிட்டு, பெண்ணின் அப்பா அதை அள்ளுகிற வேகத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். பின்னால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

பேச்சு கொஞ்சம் தொய்ந்தது. மாமா அந்த இடைவெளியில் என்னைத் தூக்கி நிறுத்தினார்.

"எங்க மாப்ளே கம்ப்யூட்டர்ல பெரிய ஆளு. கண்ணு தெரியாத எனக்குப் பேப்பர் படிக்க ஒரு ஆளையே போட்டுக் குடுத்திருக்காக. மாப்ளே, செத்த போட்டுக் காட்டுங்க."

போட்டேன். கணினி கம்பீரமாக மழைச் செய்தி படித்தது. பெண்ணின் அம்மா, "அடேயப்பா!" என்றார். நான் அடக்கமாகத் தரையைப் பார்த்தேன்.

டிங் என்று ஒரு சத்தம். மழைச் செய்தியைப் பாதியில் விட்டுவிட்டு, கணினி அதே குரலில், அதே கம்பீரத்தில் படித்தது.

"கோதை. பால் திரிஞ்சு போச்சு. ஸ்ரீதரைப் பின்வாசல் வழியா அனுப்பி வேற பால் வாங்கணும். அதுவரைக்கும் பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. யாருக்கும் தெரிய வேண்டாம். உஷ் சொல்லும் முகம்."

ஸ்ரீதர் எழுந்து, பின்வாசல் வழியாகப் போவதா முன்வாசல் வழியாகப் போவதா என்று தெரியாமல் நின்றான். பிறகு விருந்தாளிகள் முன்னாலேயே செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

நான் சுட்டியைப் பிடித்தேன். அவசரத்தில் அது திரை முழுக்க ஓடியது. "மறுசுழற்சித் தொட்டி. புதிய கோப்புறை. புதிய கோப்புறை இரண்டு" என்று கணினி போகிற வழியெல்லாம் ஊர்ப்பெயர் சொல்லிக்கொண்டே வந்தது. அதற்குள் இன்னொரு டிங்.

"கோதை. மம்சாபுரத்துக்காரர் மிக்சரை ஒத்தை ஆளா முடிச்சிருவார் போல. இன்னொரு தட்டு அனுப்பவா. கண்ணீருடன் சிரிக்கும் முகம். கண்ணீருடன் சிரிக்கும் முகம். கண்ணீருடன் சிரிக்கும் முகம்."

அவர் வாய்க்குப் பாதி தூரத்தில் இருந்த கையை அப்படியே நிறுத்தினார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு காராபூந்தியாக, மிக்சரைத் தட்டில் திரும்ப வைத்தார்.

அடுத்து நான் செய்ததை எந்தக் கணினி அறிவுள்ளவனும் செய்ய மாட்டான். சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். கரண்ட் போனாலும் கணினி அணையாமல் இருக்க யூபிஎஸ் என்ற பெட்டியைப் போன தீபாவளிக்கு வாங்கி வைத்தது யார்? நான்தான். அது பீப், பீப் என்று தாளம் போட ஆரம்பித்தது. பதற்றத்தில் விசைப்பலகையில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் தட்டினேன். எதைத் தட்டினேனோ, எனக்கும் கோதைக்குமான மொத்த உரையாடலும் திரையில் விரிந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கியது.

இங்கே என்னுடைய இன்னொரு கெட்ட பழக்கத்தைச் சொல்ல வேண்டும். நான் ஒரு வாக்கியத்தை ஒரே செய்தியாக அனுப்ப மாட்டேன். ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை என்று துண்டு துண்டாகத்தான் அனுப்புவேன். அந்த வெள்ளிக்கிழமையும் மாமா எதிரில் உட்கார்ந்துகொண்டு அப்படித்தான் கோதைக்கு எழுதியிருந்தேன். நான் அனுப்பிய ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால், அனுப்பியவர் பெயராக, "நீங்கள்" என்று சேர்த்துப் படிப்பது அந்த மென்பொருளின் வழக்கம்.

"நீங்கள். உங்க அப்பா" என்றது கணினி.

பீப்.

"நீங்கள். கழுதை."

அந்த நொடியில் மாமா எழுந்தார். கறுப்புக் கண்ணாடியோடு, தடுமாறாமல், ஐந்து எட்டில் மேஜைக்கு வந்தார். விசைப்பலகையின் இடது மூலையைத் தடவி கண்ட்ரோல் விசையை ஒரே அழுத்து. பேச்சு நின்றது. அதை அழுத்தினால் கணினி வாயை மூடும் என்று முந்தின நாள் சொல்லிக் கொடுத்தவன் நான். கை தடவினால் தெரியட்டும் என்று அதன் மேல் கண் மருத்துவமனை பிளாஸ்திரியில் ஒரு துண்டை ஒட்டி வைத்திருந்தார் அவர். ராணுவம் ராணுவம்தான்.

ஆனால் நிறுத்தின இடம்!

கூடம் முழுக்க அந்தக் கடைசி வார்த்தை நின்றுகொண்டிருந்தது. பெண்ணின் அம்மா கூரையைப் பார்த்தார். அத்தை தூணைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, நிறுத்தாதீங்க! இன்னும் ஒரு வார்த்தை இருக்கு!" என்று கத்தினேன்.

"இன்னும் என்ன மாப்ளே பாக்கி இருக்கு?" என்றார் மாமா. குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஒரே ஒரு வார்த்தை மாமா. ஒங்க கால்ல விழுதேன், அதைக் கேட்டுட்டு என்ன வேணாலும் சொல்லுங்க."

அவர் கையை எடுத்தார். நான் கீழ்நோக்கிய அம்பு விசையைத் தட்டினேன்.

"நீங்கள். கதை."

என் வாழ்நாளில் எந்தச் சொல்லும் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்ததில்லை. "பாத்தீங்களா! கழுதைக் கதை! கழுதைக் கதைன்னுதான் எழுதியிருக்கேன்!" என்று எல்லோரையும் திரும்பிப் பார்த்தேன். அந்த மகிழ்ச்சியில் அம்பு விசையிலிருந்து விரலை எடுக்க மறந்துவிட்டேன்.

"நீங்கள். மறுபடியும். நீங்கள். பதினோராவது தடவை. நீங்கள். தூங்கும் முகம். தூங்கும் முகம்."

மாமனாரைத் திட்டியவன் என்ற பழியிலிருந்து தப்பி, மாமனாரின் வீரக்கதையில் தூங்குபவன் என்ற பழிக்கு ஆளானேன். எது தேவலாம் என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

அப்போதுதான் அதுவரை பேசாத மம்சாபுரத்துக்காரர் தொண்டையைச் செருமினார்.

"அண்ணாச்சி, அது என்ன கழுதைக் கதை?"

"அது பெரிய கதைங்க. ஒங்களுக்கு எதுக்கு" என்றார் மாமா.

"சொல்லுங்க அண்ணாச்சி. எப்படியும் பால் வரணும்ல."

முதலில் சிரித்தது பெண்ணின் அம்மாதான். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு அத்தை. மாமா நாற்காலியைத் தடவி உட்கார்ந்து, கொஞ்சம் யோசித்து, ஆரம்பித்தார். புது ஆள் கிடைத்த தெம்பில் அன்றைக்குப் பனி முன்னைவிட அதிகமாகவே பெய்தது. நடுவில் மம்சாபுரத்துக்காரர் கேட்டார், "அந்தக் கழுதைக்குப் பேரு இருந்துச்சா அண்ணாச்சி?"

மாமா முகம் மலர்ந்தது. "சாந்தி. நான் வெச்ச பேரு."

பதினோரு தடவை கேட்ட எனக்கு இந்தக் கேள்வி ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. அத்தையும் நிமிர்ந்து பார்த்தார். (அவருக்கும் அது புதுச் செய்தி. யார் அந்தச் சாந்தி என்று இரண்டு நாள் கழித்தும் கேட்டுக்கொண்டிருந்தார்.)

கழுதை முகாமை அடைந்தபோது பாலும் வந்து சேர்ந்தது. கிரைண்டரை நிறுத்திவிட்டுக் காப்பியோடு வந்த கோதைக்கு எதுவும் தெரியாது. இரண்டாவது மிக்சர் தட்டையும் கையோடு கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். கூடம் மறுபடியும் சிரித்ததும், பாவம், தன் சேலையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

கிளம்பும்போது பெண்ணின் அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊருக்குள்ள நாலு பேரைப் பிடிச்சு விசாரிக்கணும்னு இருந்தோம். இனி என்னத்த விசாரிக்க? இந்த வீட்ல எதையும் ஒளிக்க முடியாது. எங்க பிள்ளைய நம்பிக் குடுக்கலாம்."

அவர்கள் போன பிறகு கோதைக்கு விஷயம் தெரிந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு எந்த மஞ்சள் முகமும் கிடையாது. நான் மாமா பக்கத்தில் போய் நின்றேன். வாட்ஸ்அப்பை வெளியேற்றிவிட்டேன், அறிவிப்புகளை அணைத்துவிட்டேன், இனிமேல் இப்படி ஆகாது என்று தொழில்நுட்ப மன்னிப்பாக ஏதேதோ சொன்னேன். அவர் காதில் அது எதுவும் ஏறவில்லை.

"பதினோரு தடவையா சொல்லியிருக்கேன்?"

"மன்னிச்சிருங்க மாமா."

"நீங்க எண்ணியிருக்கீக." கறுப்புக் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டார். "எம் மகன் ஒரு தடவைகூட முழுசாக் கேட்டதில்ல. வால் வரைக்கும் வந்தா போனை எடுத்துக்கிட்டு வெளிய போயிருவான். நீங்க தூக்கத்தோடயாவது உக்காந்து எண்ணியிருக்கீக."

அவர் மனதை நான் வென்றது அன்றைக்குத்தான். அதற்கு என் தகுதி எதுவும் காரணமில்லை, போனில் தட்டிய கட்டை விரல்தான் காரணம்.

ஸ்ரீதர் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பந்தியில் பெண்ணின் அப்பாவுக்கு மட்டும் இலையோரம் மிக்சர் வைத்தார்கள், அவரும் கடைசிவரை விடாமல் சாப்பிட்டார். வந்த மருமகள் எங்களையெல்லாம் மிஞ்சிவிட்டாள். யாரையாவது கிண்டல் செய்ய வேண்டுமென்றால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, தகரக் குரலில் ஏதாவது ஒரு மஞ்சள் முகத்தின் பெயரை மட்டும் சொல்வாள்.

நான் இப்போதும் அந்த மென்பொருளைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் சிபாரிசு செய்கிறேன். ஆனால் பேச வைப்பது எப்படி என்று சொல்வதற்கு முன்னால் நிறுத்துவது எப்படி என்று இரண்டு தடவை சொல்லிக் கொடுக்கிறேன்.

மாமாவுக்குப் பார்வை நன்றாகத் திரும்பிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தோம். சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்ததும், வழக்கம்போல என் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே, இது எத்தனாவது?"

எண்ணிக்கை எப்போதோ விட்டுப்போயிற்று. ஆனால் அவரிடம் அதைச் சொல்ல மனம் வருமா?

"நாப்பத்தி ரெண்டு மாமா."

"சரி" என்று திருப்தியாகக் காலை மடித்துக்கொண்டார். "அன்னைக்குப் பாத்துப் பனின்னா பனி, கை நீட்டுனா கை தெரியல..."

முற்றத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து தகரக் குரல் வந்தது. "தூங்கும் முகம். தூங்கும் முகம்."

நான் அவசரமாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.