நான் தோற்கவே தோற்காத மழைக்காலம்

தொடர்ந்து ஜெயித்துக்கொண்டே இருப்பதைப் போலத் தூக்கத்தைக் கெடுக்கும் காரியம் வேறு இல்லை. தோற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார்கள். ஜெயித்தவள்தான் நாளைக்கு என்ன ஆகுமோ என்று கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். ஒரு மழைக்காலம் முழுவதும் அப்படிப் படுத்திருந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

நான் ஜெயித்தது பந்து மேசையில். பில்லியர்ட்ஸ் மேசை என்று துரைமார் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘துரை கட்டில்’. யுத்தம் முடிந்த மறு வருஷம், தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்டாக இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் புறப்படும்போது வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். அலமாரி வாங்கப் போன அப்பா மேசையோடு திரும்பி வந்தார்.

“பூராவும் தேக்கு அண்ணே. மேல கல்லுப் பலகை. சரக்கு அடுக்க ஆகும்” என்று பெரியப்பாவிடம் சமாதானம் சொன்னார். பெரியப்பா சொல்வதுதான் எங்கள் வீட்டில் சட்டம். அப்பா சொல்வதெல்லாம் சமாதானம்.

எங்களுக்குக் கருப்பட்டி மொத்த வியாபாரம். வீட்டுக்குப் பின்னால் சரக்கு வைக்கும் கிட்டங்கி. அங்கே வண்டியிலிருந்து இறக்கும்போது மேசையின் ஒரு கால் முறிந்தது. அப்பா அந்த மூலைக்கு, விலை போகாமல் கிடந்த கருப்பட்டிச் சிப்பங்களை ஓலைக்கட்டோடு அடுக்கி முட்டுக் கொடுத்தார். (கருப்பட்டி வியாபாரி வீட்டில் போய் யாராவது செங்கல் தேடுவார்களா?) மேசையோடு கோல்களும் கலர் கலராகப் பந்துகளும் வந்திருந்தன. குடும்பமே சுற்றி நின்று பார்த்தது.

“ஏளா சொர்ணம், நீதான இங்கிலீஷு படிச்சவ? இத எப்படி ஆடுதது? சொல்லு” என்றார் பெரியப்பா.

எங்கள் குடும்பத்தில் பள்ளி இறுதி வகுப்பு வரை படித்த முதல் ஆள் நான். ஆணிலும் சரி, பெண்ணிலும் சரி. என் ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் நரி இருந்தது, கலங்கரை விளக்கம் இருந்தது, பந்து மேசை இல்லை. ஆனால் ‘தெரியாது’ என்ற சொல்லை நான் ஏழாம் வகுப்போடு நிறுத்திவிட்டிருந்தேன்.

“மேசைக்கு ஆறு பை இருக்குல்லா? வடக்க மூணு ஒரு ஆளுக்கு, தெக்க மூணு எதிராளுக்கு. யார் பையில பந்து கூட விழுதோ அவிய ஜெயிச்சவிய. தோத்தவிய விலகி அடுத்த ஆளுக்கு இடம் விடணும். ஜெயிச்சவிய பக்கம் மாறக் கூடாது” என்றேன்.

அந்தக் கடைசி விதியை ஏன் சேர்த்தேன் என்று எனக்கே தெரியாது. கேட்கக் கம்பீரமாக இருந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

முதலில் எல்லோரும் ஜெயித்தோம், எல்லோரும் தோற்றோம். மத்தியானம் கடை அடைத்திருக்கும் நேரத்தில் அப்பா ஆடுவார், பெரியப்பா மகன் ராசையா அண்ணன் ஆடுவார், அவர் மனைவி மதினிகூடச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடுவாள். ஐப்பசி பிறந்து மழை பிடித்தபோது வடக்குப் பக்கம் என் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. யார் வந்தாலும் ஜெயித்தேன். பந்து மெதுவாக வந்து, நிற்கப் போகிற நேரத்தில், மனம் மாறியதைப் போல லேசாகத் திரும்பி என் பையில் விழும்.

“பந்து எந்தக் கோணத்துல பக்கச் சட்டத்துல முட்டுதோ, அதே கோணத்துலதான் திரும்பும். அது பௌதிகம்” என்று எல்லோருக்கும் விளக்கினேன். பந்து அந்தக் கோணத்தில் திரும்பவில்லை என்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கும் பதில் வைத்திருந்தேன். “கடைசியில வளையுது பாத்தியளா, அது என் விரல் நுணுக்கம்.” மதினிக்கு அந்த விரல் நுணுக்கத்தைக் கற்றுக்கொடுக்கவும் முயன்றேன். அவள் தெற்குப் பக்கம் நின்று எவ்வளவோ முயன்றும் அது வரவில்லை. படிப்பு இல்லாததால் வரவில்லை என்று நான் மனதுக்குள் முடிவு கட்டினேன். (அவள் இன்றும் என்னோடு பேசுகிறாள் என்றால் அது அவள் பெருந்தன்மை.)

அதிகம் தோற்றவர் பெரியப்பா. தினமும் தோற்றார், தினமும் வந்தார். பஜாரில் யாரோ, “என்ன அண்ணாச்சி, பிள்ளகிட்ட இன்னைக்கும் அடியா?” என்று கேட்டுவிட்டார்களாம். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளினார்.

“எல்லாம் குருட்டு அதிர்ஷ்டம். பந்து தானா உருளுது, இவ திறமைங்கா” என்றார்.

பெரியப்பா வாலிபத்தில், கடலில் முத்துக்குளிக்கும் முத்துச் சலாபம் நடந்தபோது, ஏலத்தில் சிப்பிக் குவியல் எடுத்தவர். அடுத்தடுத்து எடுத்த குவியல்களிலெல்லாம் முத்து கிடைத்ததாம். அது அவர் கண்ணின் திறமை. அதற்கடுத்த குவியல்களில் ஒன்றுமே கிடைக்கவில்லை. அது அதிர்ஷ்டக் குறைவு. இந்தக் கணக்கை நான் அவருக்குச் சுட்டிக்காட்டினேன். பதினேழு வயதில் எனக்கு வாய் நீளம்.

“பெரியப்பா, அதிர்ஷ்டம் ஒரு நாள் வரும், ரெண்டு நாள் வரும். இத்தன நாளு தொடர்ந்து வருமா? வேணும்னா யாரையாவது ஆடத் தெரிஞ்சவியளக் கூட்டிட்டு வாங்க. பாத்துருவோம்!”

பெரியப்பா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். “கொழும்பு அண்ணாச்சி அடுத்த வாரம் கப்பல்ல வாராரு. அங்கன கிளப்புல இந்த ஆட்டம் ஆடுதவரு. அவர நீ ஜெயிச்சா, உனக்குத் திறமதான். ஆனி மாசம் காலேஜுல சேந்துக்க. தோத்தா, தை மாசம் வேம்பார் உப்பளக்கார வீட்டுப் பையனுக்குக் கழுத்த நீட்டணும். ஒரு பேச்சு பேசப் படாது.”

அப்பா என்னைப் பார்த்தார். பாளையங்கோட்டைக் காலேஜுக்கு அனுப்ப வேண்டும் என்று அவர் மாதக்கணக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். நானோ அதை எடுத்து ஒரு கோல் நுனியில் வைத்துவிட்டேன்.

அந்த வாரம் நான் சோறு தின்னவில்லை. சகுனம், நேர்த்திக்கடன் எல்லாம் மூடநம்பிக்கை என்று பள்ளியில் பேச்சுப் போட்டியில் பேசிப் பரிசு வாங்கியவள் நான். அந்த நான்தான் கிட்டங்கிக்குள் வலது காலை முன்வைத்து நுழைந்தேன். ஜெயித்த நாளில் கட்டியிருந்த பச்சைத் தாவணியைத் துவைக்கக் கொடுக்கவில்லை. திருச்செந்தூர் முருகனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டேன். அது போதாதோ என்று மறுநாள் காவடியையும் சேர்த்தேன். (அப்பா எடுப்பதாக.) வெளியே திறமை திறமை என்று சொன்னேனே தவிர, அந்தப் பந்து ஏன் வளைகிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்று நம் பக்கம் இருக்கும் வரை எதிரியைவிட அதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டியிருக்கிறது.

கொழும்பு அண்ணாச்சி ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். கொழும்பில் எங்கள் சரக்கை எடுத்து விற்பவர். வெள்ளை வேட்டி, கோட்டு, வாயில் வெற்றிலை, பூனையைப் போல மெல்லிய பேச்சு. கிட்டங்கி நிறையச் சொந்தக்காரர்கள். கடை ஆட்கள் மூட்டைகள் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். நான் என் வடக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கோல் நுனியைத் தாவணியில் துடைத்துக்கொண்டேன்.

என் விதிகளைக் கேட்டுவிட்டு அண்ணாச்சி கொஞ்ச நேரம் வெற்றிலையை மெல்லவில்லை.

“இது எந்த ஊரு ஆட்டம் பிள்ள?”

“இது... பழைய சட்டம்” என்றேன்.

“ரொம்பப் பழசாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு, மரியாதையாகத் தெற்கே போய் நின்றார்.

நான் முதல் பந்தை அடித்தேன். அது என் மத்தியப் பையை நோக்கி அழகாக வந்தது. பையின் வாயருகே வந்து தயங்கியது. பிறகு, எதையோ மறந்துவிட்டு வந்ததைப் போலத் திரும்பி, மேசையின் குறுக்கே முழுத் தூரமும் உருண்டுபோய் அண்ணாச்சியின் பையில் விழுந்தது.

“அடடா” என்றார் அண்ணாச்சி.

இரண்டாவது பந்தும் அங்கேதான் போனது. மூன்றாவதைக் கோபத்தில் ஓங்கி அடித்தேன். அது நாலு சட்டத்திலும் முட்டி, யோசித்து, அங்கேயே போனது. அண்ணாச்சி அவர் முறைக்கு ஒரு பந்தைத் தொட்டார். அவ்வளவுதான், அதுவும் அங்கே. அவர் ஆடவே இல்லை என்று சொல்லலாம். அவருக்காக நான்தான் உழைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும், “மன்னிச்சிக்க பிள்ள” என்றார். அது இன்னும் அவமானமாக இருந்தது.

என் விரல் நுணுக்கத்தைக் காட்டினேன். கால் மாற்றி நின்றேன். முருகனுக்குத் தேர் இழுக்கிறேன் என்றேன். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. மூட்டை மேலிருந்து யாரோ, “வேம்பாருக்கு பஸ்ஸு எத்தன மணிக்கு?” என்று கேட்க, கிட்டங்கியே சிரித்தது. அப்பா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பந்தும் தெற்கே விழுந்தது. என் பைகள் மூன்றும் காலி.

“என்னளா? அதிர்ஷ்டம் தீந்து போச்சா?” என்றார் பெரியப்பா, ஒரு மழைக்காலத்துத் தாகத்தோடு.

நான் விழுந்த பந்துகளில் ஒன்றை எடுத்து மேசை நடுவில் வைத்தேன். அடிப்பதற்காக அல்ல. பந்துகளைத் திரும்ப அடுக்கிவிட்டு அங்கிருந்து ஓடிவிடலாம் என்றுதான். பந்து தானாக உருளத் தொடங்கியது. யாரும் தொடவில்லை. போய்த் தெற்குப் பையில் ‘தொப்’ என்று விழுந்தது.

“மேசை சாஞ்சிருக்கு! நான் தோக்கல! மேசை சாஞ்சிருக்கு!” என்று கத்தினேன்.

“சாஞ்சிருக்கா? எப்படிச் சாயும்?” என்று கதவோரம் நின்ற அம்மா முன்னால் வந்தாள். “நேத்துதான ஆளுகள வச்சு, கடப்பாரை கொடுத்துத் தூக்கி, சரி பண்ணுனேன்? உன் பக்கத்துக் கால்ல இருந்த சிப்பமெல்லாம் இளகி, பாதி உயரத்துக்கு அமுங்கிக் கிடந்துச்சு. அங்கன பூராவும் எறும்பு. விருந்தாளி வார வீட்டுல எறும்பு ஊரலாமா? அடுப்புப் பரண்ல புகை குடிச்ச கெட்டிக் கருப்பட்டியா இறக்கி, ஒண்ணு கூடுதலாவே வச்சு நல்லாத் தூக்கி நிறுத்தினேன். உனக்காகத்தாம்ளா!”

பெரியப்பாவின் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல உருளத் தொடங்குவதை நான் பார்த்தேன். அது எந்தப் பையில் போய் விழும் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

“எந்தப் பக்கம் அமுங்கிக் கிடந்துச்சுன்ன?” என்று கேட்டார் பெரியப்பா.

“வடக்குப் பக்கம்தான். இவ நிக்குத பக்கம்.”

“எப்பம் இருந்து அமுங்கியிருக்கும்?”

“ஐப்பசில இருந்துதான். மழை ஈரம் பட்டா கருப்பட்டி இளகத்தானே செய்யும்?”

பெரியப்பா கிட்டங்கி அதிர எழுந்தார். “அப்பம் நான் இவகிட்டத் தோக்கல!” என்றார். “ஏலே ராசையா, கேட்டியாலே? ஒரு நாளு கூட இவகிட்டத் தோக்கல! கருப்பட்டிகிட்டல்லா தோத்திருக்கேன்!” அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை முத்துச் சலாபத்துக் கதை சொல்லும்போதுகூட நான் பார்த்ததில்லை. பஜாருக்கு ஓடிப்போய்ச் சொல்லத் துண்டைத் தேடினார்.

அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். வாழ்நாளெல்லாம் சமாதானம் சொல்லிப் பழகியது அன்றைக்கு உதவியது.

“அண்ணே, மேசை சாஞ்சதால நீங்க தோத்தது கணக்குல சேராது. சரிதான். அப்பம் மேசை சாஞ்சதால இன்னைக்கு இவ தோத்ததும் கணக்குல சேராதுல்லா?”

துண்டு பாதித் தோளில் நின்றது. பெரியப்பா கொழும்பு அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி வெற்றிலையை ஓரமாக ஒதுக்கினார். “நியாயம்தான். ஒண்ணு, எல்லாம் சேரணும். இல்ல, ஒண்ணும் சேரப் படாது” என்றார்.

எல்லாம் சேர்ந்தால், எனக்கு வேம்பார். ஆனால் பெரியப்பா மழைக்காலம் முழுக்க ஒரு பெண்பிள்ளையிடம் தோற்றவர். ஒன்றும் சேராவிட்டால் அவர் தோற்காதவர். ஆனால் என்னைத் தைக்குள் கட்டிக்கொடுக்க முடியாது. பெரியப்பா கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூட்டை மேல் இருந்தவர்களைப் பார்த்தார்.

“ஒண்ணும் சேராது!” என்றார். “போகட்டும். படிக்கட்டும். வீட்டுல இருந்தா ஆடிக்கிட்டுல்லா இருப்பா.”

அம்மா அழுதாள். அப்பா வந்து என் தலையைத் தடவினார். நானும் அழுதேன். எல்லோரும் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தார்கள். பாதிதான் அது. எனக்குக் கல்லூரி கிடைத்தது. ஆனால் வாழ்க்கையில் ஓர் ஆட்டம்கூட ஜெயித்ததில்லை என்ற தீர்ப்போடு கிடைத்தது.

“வேணும்னா மேசையச் சமமா நிறுத்தி, ஒரு ஆட்டம் ஆடிப் பாத்தா யாருக்குத் திறமைன்னு தெரிஞ்சுருமே?” என்றார் கொழும்பு அண்ணாச்சி.

“வேண்டாம்!” என்றோம் பெரியப்பாவும் நானும், ஒரே குரலில். நாங்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

நான் பாளையங்கோட்டை போனேன், படித்தேன், பட்டம் வாங்கினேன். கணக்கில் முதல் வகுப்பு. தேர்வு முடிவு வந்த அன்று வீடே கூடி நின்றபோது பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, “ஏளா, எந்தப் பக்கத்துப் பெஞ்சுல உக்காந்து எழுதுன?” அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதில் ஜெயித்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் உள்ளே வர முடியாது. ராசையா அண்ணனுக்கு ஏலத்தில் நல்ல சரக்கு கிடைத்தாலும் அதே கேள்விதான்.

போன மாதம் அண்ணன் மகள் பள்ளி ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தாள். கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவளிடம் அவள் தாத்தாவான பெரியப்பா, “எந்தப் பக்கமா ஓடுன?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் முகம் சுருங்கியது. “திறமையாலதான் ஜெயிச்சா. கேலி பண்ணாதீங்க” என்று, இப்போது கணக்கு ஆசிரியையாக இருக்கும் நான், வகுப்புக் குரலில் அதட்டி அவளை அணைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, பள்ளி மைதானத்துக்குப் போய் ஓட்டப் பாதையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார்த்தேன். உருளாமல் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு மிட்டாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.