காணாமல் போன பேராசிரியர்கள்

ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஆராய்ச்சியைத் தவிர மற்ற எல்லா வேலையும் இனிக்கும். ஆய்வேட்டை எழுதி முடிக்க வேண்டிய வருஷத்தில் நான் 'பசுமை ஆய்வகம்' என்ற திட்டத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தேன். ஆய்வகத்தில் யாராவது விசிறியை அணைக்காமல் போனால் விரட்டிப் பிடிப்பேன். (என் செருப்புச் சத்தம் கேட்டாலே ஜூனியர்கள் சுவிட்சைத் தேடுவார்கள்.) அதோடு நிறுத்தியிருக்கலாம். கருத்தரங்கு நடத்தப் போனேன்.

இடம் குற்றாலம், மாதம் ஆடி. "சீசன்ல வச்சா ஆள் குவியும் சார்" என்று என் நெறியாளரிடம் அடித்துச் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"குவியும்மா. எங்கன குவியும்னு யோசிச்சியா? சீஃப் கெஸ்ட் முன்னால ஹால் காலியாக் கெடந்துச்சுன்னா, தீசிஸைத் தூக்கிட்டு கையெழுத்துக்கு எங்கிட்ட வராதே."

அவர் விளையாட்டுக்குச் சொல்கிற ஆளில்லை.

அன்று காலை பேராசிரியர்கள் கூட்டமாகத்தான் வந்தார்கள். துணிப்பை வாங்கினார்கள், இட்லி சாப்பிட்டார்கள். கை கழுவப் போன ஆண்கள் ஒருவர்கூடத் திரும்பவில்லை. முன்வரிசையில் இருந்த சில பேராசிரியைகள்தான் விஷயத்தைச் சொன்னார்கள். "தலைய நனைச்சிட்டு வந்துருதோம்னு அருவிக்குப் போயிருக்காவ."

அந்த நேரம் பார்த்து நெறியாளர் செங்கோட்டையிலிருந்து போன் செய்தார்.

"ரயில் வந்துட்டு. சீஃப் கெஸ்டைக் கூட்டிட்டுக் கிளம்புதேன். ஹால் எப்படி?"

"ஃபுல் சார்."

சொல்லிவிட்டேன். செங்கோட்டை என்ன சென்னையா? இதோ வந்துவிடுவார்கள்.

பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெயினருவிக்கு ஓடினேன். ஆண்கள் குளிக்கும் பக்கம் நான் போக முடியாது. தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் எல்லோரும் துண்டில், எல்லோர் உடம்பிலும் எண்ணெய். இதில் எது பேராசிரியர், எது லாரி டிரைவர்? கத்திப் பார்த்தேன். அருவிச் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எத்தனை வருஷப் படிப்பு, ஒரு குளியலில் போய்விடும் போலிருந்தது.

போலீஸ் உதவி மையத்தில் மைக் இருந்தது. காவலர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, காணாமப் போனவங்களுக்கு ஒரு அறிவிப்பு சொல்லணும்."

"பிள்ளைக்கு என்ன வயசு?"

"பிள்ளை இல்ல அண்ணாச்சி, பேராசிரியர்கள்."

"எத்தன பேரு?"

"பூராப் பேரும்."

சீசன் முழுக்கக் குழந்தைகளையே தேடியவர். அவருக்குத் தெரிந்தது ஒரே அறிவிப்பு.

"பொதுமக்கள் கவனத்திற்கு. பசுமை ஆய்வகக் கருத்தரங்கிற்கு வந்த பேராசிரியர்கள் காணாமல் போயுள்ளனர். கண்டவர்கள் உடனடியாகக் காவல் உதவி மையத்தில் ஒப்படைக்கவும்."

நம் ஜனங்களுக்குக் கடமை உணர்ச்சி அதிகம். தொப்பையும் வழுக்கையும் உள்ளவர்களையெல்லாம் விசாரித்துக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். (ஒரு பேங்க் மேனேஜரும் அகப்பட்டார்.) சொட்டச் சொட்ட வரிசை நீண்டது. ஹால் நிரம்பிவிடும் என்று மூச்சு விட்டேன்.

அப்போது பெரிய மீசை வைத்த ஒருவர், கைக்கு ஒருவராக இரண்டு பேரைக் கொண்டு வந்தார்.

"இந்தாங்க, இன்னும் ரெண்டு. இவரு வரவே மாட்டேன்னு அடம் புடிச்சாரு."

அடம் பிடித்தவர் என் நெறியாளர். எண்ணெய் வழிய, துண்டோடு. பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, கேரளாவிலிருந்து ரயிலேறி வந்த சிறப்பு விருந்தினர். "அடிபொளி அருவி, மோளே!"

"அவரு ஆசைப்பட்டாரு..." என்றார் நெறியாளர். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஹால் ஃபுல்லுன்னே?"

காவலர் ஒரு நோட்டை என் பக்கம் தள்ளினார். "தேடுன ஆளு கையெழுத்துப் போட்டாத்தான் இவங்கள விடுவேன். ரூல்ஸ்."

பேனாவை வாங்கினேன். சாரல் வீசிக்கொண்டிருந்தது. நெறியாளர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"போடும்மா, குளிருது. உனக்கு நானும் போட்டுத் தொலைக்கேன்."

கருத்தரங்கு எண்ணெய்த் தலைகளோடு நிரம்பி வழிந்தது. முதல் உரை, ஆய்வகத்தில் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிப்பது பற்றி.

இப்போது நானும் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஒவ்வொரு சீசனுக்கும் குளிக்கக் கிளம்பும்போது அம்மா வாசல் வரை வந்து சொல்வாள்:

"ஏட்டி, அங்கன யாராவது கேட்டா வீட்டுல சும்மா இருக்கேன்னு சொல்லு. வாத்திச்சின்னு தெரிஞ்சா புடிச்சிக் குடுத்துருவாவ."