குளிசையரும் எட்டுச் செலவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்திறங்கிய குளிசைகளில் பாதியை ஒரே மனிதர்தான் விழுங்கினார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். உடுவிலுக்கு வந்து எங்கள் ஒழுங்கையில் கேட்டுப் பாருங்கள். மற்றப் பாதியையும் அவர்தான் ஊருக்குப் பங்கிட்டார் என்பார்கள்!

அவருடைய சொந்தப் பெயர் மனைவிக்கே மறந்திருக்கும். மாத்திரையைக் குளிசை என்று சொல்லும் ஊரில் அவர் குளிசையர். யாராவது ஆசுப்பத்திரியால் வந்தால் வீட்டுக்காரருக்கு முதல் இவர் வாசல் படலையில் நிற்பார்.

"ஐசே, டொக்டர் என்ன நிறத்திலை தந்தவர்?"

"மஞ்சள், அண்ணை."

"மஞ்சளோ? விசர் டொக்டர்! உதுக்கு வெள்ளையெல்லோ சரி!"

டொக்டர் ஒரு கிழமைக்கு எழுதிக் கொடுத்தால், காய்ச்சல் விட்டதும் எங்கள் சனம் குளிசையை நிறுத்திவிடும். மிச்சமெல்லாம் குளிசையரின் சொப்பிங் பைக்குள் போகும். அங்கிருந்து அடுத்த காய்ச்சல்காரரிடம் போகும். அந்தப் பையைக் கண்டாலே அவர் மனைவி தலையில் கை வைப்பார்.

கோயில் திருவிழாவன்று ஐயருக்குத் தடிமன், ஓயாத தும்மல். குளிசையர் சின்ன வெள்ளைக் குளிசை ஒன்றைக் கொடுத்துவிட்டார். அர்ச்சனைக்கு வந்த அம்மாவிடம் ஐயர் பேரைக் கேட்டார், நட்சத்திரத்தைக் கேட்டார், பிறகு கதவு நிலையில் சாய்ந்து கண்ணை மூடினார். "சாமியோடை கதைக்கிறார் போலை" என்று அந்த அம்மா கும்பிட்டபடி நின்றார். குறட்டை கேட்ட பிறகுதான் விசயம் வெளித்தது.

இன்னொரு முறை, குளிசையர் யாரோ ஒருவரின் சீனி வருத்தக் குளிசையைப் போட்டுக்கொண்டு மருதனார்மடம் சந்தைக்குப் போனார். பூசணிக்காய்க் குவியலுக்கு நடுவே விழுந்து கிடந்தார். சனம் சீனி கரைத்துப் பருக்கியது. கண்ணைத் திறந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நல்ல பவரான சாமான்!"

"உங்களுக்குச் சீனி வருத்தமே இல்லையே! ஏன் போட்டனீங்கள்?" என்று ஆசுப்பத்திரியில் டொக்டர் கத்தினார்.

"வரமுதல் போட்டால் நல்லமெண்டு நினைச்சன், டொக்டர்."

இப்படியே சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்கு, நாட்டில் மருந்து இல்லாத அந்த வருசம் வந்தது. என் தம்பி ராசனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து வலிப்பு. கிளினிக்கில் சும்மா கிடைக்கும் குளிசையால் இத்தனை வருசம் விழாமல் இருந்தவன். திடீரென்று கிளினிக்கில் இல்லை என்றார்கள். பாமசி பாமசியாக அலைந்தேன். ஒரேயொரு இடத்தில் இருந்தது. ஓர் அட்டைக்கு ஓர் அந்தர், அதாவது ஐம்பது கிலோ, வெங்காயத்தின் விலை கேட்டார்கள்! வீட்டுக்கு ஓடிக் காசோடு திரும்புவதற்குள் அதையும் வேறு யாரோ வாங்கிப் போய்விட்டார்கள்.

ராசன் வெங்காயத் தோட்டக்காரன். அவன் தோட்டக் கிணற்றுக்குச் சுற்றுக்கட்டு இல்லை. "குளிசை இல்லாமல் கிணத்தடிக்குப் போகாதை" என்று நான் மன்றாடினேன். "பயிர் காயுது, அண்ணை" என்று அவன் மண்வெட்டியை எடுத்தான். வலிப்பு அந்த விளிம்பில் வந்தால்?

அப்போதுதான் குளிசையர் சைக்கிளை என் படலையில் மோதிக்கொண்டு வந்து இறங்கினார். முகமெல்லாம் பல்.

"ஐசே! அச்சுவேலியிலை ஒரு செத்தவீடு!"

"அதுக்கேன் சிரிக்கிறியள்?"

"செத்தவருக்கும் ராசன்ரை வலிப்பு வருத்தம்தான்! கனடா மகள் அனுப்பின குளிசை நிறையக் கிடக்காம். இண்டைக்கு எட்டுச் செலவு. எடும் மோட்டச்சைக்கிளை!"

எட்டுச் செலவு என்றால், செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம் எட்டாம் நாள் இலையில் படைப்பது. நாங்கள் போனபோது இலையில் பொரித்த மீன் இருந்தது, ஆட்டிறைச்சி இருந்தது, கால் போத்தல் சாராயமும் இருந்தது. அவற்றுக்கு நடுவே, ஒரு பை நிறைய உடைக்காத குளிசை அட்டைகள்!

குளிசையர் அந்த வீட்டு அம்மாவிடம் ராசனின் கதை முழுவதையும் சொன்னார். அம்மா கண்ணைத் துடைத்தார்.

"பாவம்தான், தம்பி. ஆனால் படைச்சதைத் திருப்பி எடுக்கேலாது. அந்த மனிசன் குளிசை போடாமல் ஒரு நாளும் படுக்கேல்லை. அங்கை ஆர் அவருக்கு எடுத்துக் குடுக்கிறது?"

குளிசையர் என்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்து, "உதெல்லாம் எப்பிடியும் சந்திக்குத்தானே வரும்" என்று காதுக்குள் சொன்னார்.

படைத்ததைப் பின்னேரம் ஓலைப் பெட்டியில் கொண்டுபோய் முச்சந்தியில் வைப்பது வழக்கம். வைத்தவர் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போகவேண்டும். அந்த வீட்டு மருமகன் பெட்டியை வைத்துவிட்டு நடந்தார். நாங்கள் மதிலுக்குப் பின்னால் நின்றோம். ஆனால் எங்களுக்கு முதல் அந்த ஊர் நாய்கள் வந்துவிட்டன! ஒரு கடுவன் நாய் மீனோடு சேர்த்துக் குளிசைப் பையையும் கவ்விக்கொண்டு ஓடியது.

குளிசையர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தார். "விடடா! என்ரை குளிசை! என்ரை குளிசையைத் தாடா!"

இருட்டும் நேரத்தில் முதுகுக்குப் பின்னால் இப்படி ஒரு குரல் கேட்டால் மருமகன் என்ன செய்வார்? திரும்பிப் பார்க்கவும் கூடாது. "ஐயோ மாமா!" என்று அலறிக்கொண்டு செருப்பையும் விட்டுவிட்டு ஓடினார். நாயும் பயந்து பையைப் போட்டுவிட்டது. மாமா வந்து தன் குளிசையை வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று அச்சுவேலியில் இன்றைக்கும் கதை. அந்த அம்மாவுக்கு அதில் பெரிய ஆறுதலாம்.

எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. "வாங்கோ அண்ணை, உடனை கொண்டுபோய் ராசனுக்குக் குடுப்பம்!"

குளிசையர் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். "டொக்டர் பாக்காமல் ஒண்டும் குடுக்கேலாது."

"நீங்களோ உதைச் சொல்லுறியள்?"

"நான் திண்டு நான் செத்தால் அது என்ரை பாடு. ராசனிலை விளையாடேலாது, ஐசே."

மருதனார்மடத்தில் இரவிலும் நோயாளரைப் பார்க்கும் டொக்டரிடம் போனோம். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதே மருந்து, திகதியும் பிழையில்லை. "ஆனால் ராசன் போடுறதிலும் பாக்க இது இரண்டு மடங்கு பவர். பாதியாத்தான் குடுக்கோணும்" என்றார். குளிசையர் பையோடு அப்படியே கதிரையில் குந்திவிட்டார். மருந்து உடம்பில் பிடிக்க நாளாகும், அதுவரை ராசனைக் கிணற்றடிக்குத் தனியே விடவேண்டாம் என்றும் டொக்டர் சொல்லியனுப்பினார்.

அடுத்த நாள் காலையில் பாதிக் குளிசை போட்ட ராசனை வீட்டில் காணவில்லை. தோட்டத்துக்கு ஓடினேன். அவன் கிணற்றடியில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தான். இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனை குளிசையரின் இடுப்பில்! அவன் நகர நகர அவரும் வரம்பில் தட்டுத் தடுமாறி நகர்ந்தார்.

"அண்ணை, பக்கத்திலை பூவரசு நிக்குது. அதிலை கட்டியிருக்கலாமே! அவன் விழுந்தால் நீங்களும் எல்லோ விழுவியள்!"

"மரம் கத்துமோ, ஐசே? ரண்டு பேரும் விழுந்தால் உமக்குச் சத்தம் பெரிசாக் கேக்கும். ஓடி வருவீர்தானே?"

ராசன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளிசையருக்கு நீந்தத் தெரியாது.