பின்னால் போனால் கால் தெரியும்

பரீட்சை எழுதி முடித்ததும் நேராக வீட்டுக்குப் போகாமல், கேள்வித்தாளை விரித்து வைத்துக்கொண்டு "உனக்கு என்ன வந்தது, எனக்கு என்ன வந்தது" என்று பேசுகிறவர்களைப் போல வெட்டி ஜென்மங்கள் கிடையாது. எழுதின விடைத்தாளை வாங்கிக் கட்டி எடுத்துக்கொண்டு போயாகிவிட்டது. இனி தலைகீழாக நின்றாலும் அதில் ஒரு புள்ளியை மாற்ற முடியாது. ஆனாலும் பேசுவார்கள். பிள்ளைகளா, இதை நான் இவ்வளவு எரிச்சலோடு சொல்வதற்குக் காரணம், அந்த ஜென்மங்களுக்கெல்லாம் தலைவனாக இருந்தவன் உங்கள் அப்பன்.

அது அறுபதுகளில், நான் எஸ்.எஸ்.சி. என்கிற பள்ளி இறுதிப் பரீட்சை எழுதின வருஷம். வீடு தாராவியில், பள்ளிக்கூடம் மாட்டுங்காவில். உங்கள் தாத்தாவுக்குக் குர்லாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை. பாஸானால் ஏதாவது ஆபீஸில் ஃபேனுக்குக் கீழே உட்காரலாம், ஃபெயிலானால் பட்டறைக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். மேஸ்திரியிடமும் முன்கூட்டியே பேசி வைத்துவிட்டார். (பெற்ற பிள்ளைமேல் அவ்வளவு நம்பிக்கை.) எனக்கோ பட்டறைக்குச் சோறு கொண்டுபோனாலே அந்த இரைச்சலில் தலை சுற்றும். அதனால் பாஸாவது எனக்கு உயிர்ப் பிரச்சினை.

அன்றைக்கு ஃபிசிக்ஸ். மறுநாள் அல்ஜீப்ரா. எனக்கு அல்ஜீப்ரா அவ்வளவாக வராது. அறிவுள்ளவனாக இருந்தால் ஓட்டமாக வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்திருப்பான். நான் கிங்ஸ் சர்க்கிள் தோட்டத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கே சேகர் சபை நடத்திக்கொண்டிருந்தான்.

சேகர் மாட்டுங்காப் பையன். அவன் அப்பா பெரிய ஆபீஸில் இருந்தார். கேள்வியை அவன் இங்கிலீஷில் வாசிக்கிற தோரணையைப் பார்த்தால், கேள்வி போட்டவரே இவனிடம்தான் விடை கேட்டிருப்பார் என்று தோன்றும். அவன் சொன்னதையெல்லாம் நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நம்பினோம். காரணம், சட்டையில் இருந்த இஸ்திரி. வேறு ஒரு மண்ணும் இல்லை.

பெரிய கேள்வி ஒன்று இருந்தது. ஒரு ஆள் தன்னைத் தலை முதல் கால் வரை பார்க்க வேண்டுமானால், சுவரில் மாட்டுகிற கண்ணாடி குறைந்தது எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

ஆள் உயரம் இருக்க வேண்டும் என்றான் சேகர். எங்கள் சந்தில் குடியிருந்த ஆறுமுகம், வாய் நிறையக் கடலையோடு, "பாதி இருந்தாப் போதும்லா" என்றான். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடலை தின்கிறவன் சொல்வதெல்லாம் ஒரு விடையா? நான் கனைத்துக்கொண்டு, இரண்டு பேருமே தப்பு, அது தூரத்தைப் பொறுத்தது என்றேன். எட்டிப் போனால் எவ்வளவு சின்னக் கண்ணாடியிலும் முழு ஆளும் தெரியும்.

இந்த மகா தத்துவம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்றால், உங்கள் தாத்தா சவரம் செய்கிற கண்ணாடியில். வாசலில் உள்ளங்கை அளவுக்கு ஆணியில் தொங்கும். அதில் தூரத்து மில்லின் புகைக்கூண்டு முழுசாகத் தெரியும். அவ்வளவு பெரிய புகைக்கூண்டே அதற்குள் அடங்கும்போது நான் அடங்க மாட்டேனா? இதைப் படம் போட்டு, அம்புக்குறியும் போட்டு எழுதி வைத்துவிட்டு வந்திருந்தேன்.

சேகர் என் மற்ற விடைகளையும் கேட்டான். கேட்கக் கேட்க அவன் முகம் துக்கம் விசாரிக்க வந்தவன் முகம் மாதிரி ஆனது.

"இதுவும் போச்சுன்னா நீ தேற மாட்டேடா," என்றான்.

என் காதில் லேத் சுற்ற ஆரம்பித்தது. உடனே, அந்த நிமிஷமே, நான் எழுதினது சரி என்று நிரூபித்தாக வேண்டும். (நிரூபித்தால் மார்க் வந்துவிடுமா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.) பக்கத்தில் ஒரு ஹோட்டல் இருந்தது. ரயில்பெட்டி மாதிரி நீளமானது. கடைசிச் சுவரில், கை கழுவுகிற இடத்துக்கு மேலே ஒரு கண்ணாடி. சபை முழுவதும் என் பின்னால் வந்து வாசலில் நின்றது.

கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். தலையிலிருந்து சட்டையின் கடைசிப் பித்தான் வரை தெரிந்தது. ஒரு எட்டுப் பின்னால் வைத்தேன். கடைசிப் பித்தான். இன்னும் கொஞ்சம் போனேன். அதே பித்தான். பக்கத்து மேஜை தெரிந்தது, அதில் இட்லி தின்கிறவர் தெரிந்தார், மேலே சுற்றுகிற ஃபேன்கூடத் தெரிந்தது. என் கால் மட்டும் வருவேனா என்றது.

"தெரியறதாடா?" என்று சேகர் கேட்டான்.

"வருது, வருது," என்றேன்.

"இன்னும் பின்னாடி போ. கல்யாண் ஸ்டேஷன்ல போய் நின்னாத் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆறுமுகம் மட்டும் சிரிக்கவில்லை. "ஏல, போதும்ல. நீ பின்னால போனா கண்ணாடிக்குள்ள இருக்கவனும்லா பின்னால போறான்," என்றான்.

முழு விடையும் அதுதான், பிள்ளைகளா. புகைக்கூண்டு நின்ற இடத்தில் நிற்கிறது. நாமோ நகர நகர நம் பிம்பமும் கூடவே எட்டிப் போகிறது. எவ்வளவு தூரம் போனாலும் தெரிகிற அளவு மாறாது; ஆள் உயரத்தில் பாதிக் கண்ணாடி இருந்தால் எங்கே நின்றாலும் போதும். இதை அவன் இரண்டு வரியில் சொல்லிவிட்டான். நான் கேட்கவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு, கண்ணாடியை முறைத்தபடி, நண்டு மாதிரி பின்னால் போய்க்கொண்டே இருந்தேன்.

பரிமாறுகிறவர் தேங்காய்ச் சட்னி வாளியைக் கீழே வைத்துவிட்டு மேஜை துடைத்துக்கொண்டிருந்தார். என் வலது கால் அதற்குள் இறங்கியது, முழங்கால் வரைக்கும். அதுவரை கண்ணாடிக்குத்தான் என் கால் தெரியாமல் இருந்தது. இப்போது எனக்கே தெரியவில்லை.

முதலாளி பாலக்காட்டுக்காரர். கல்லாவை விட்டு நிதானமாக எழுந்து வந்தார். திரும்பிப் பார்த்தேன், வாசலில் ஒருவனும் இல்லை. சபை கலைந்திருந்தது.

"என்னடா பண்றாய்?" என்று கேட்டார்.

"ஃபிசிக்ஸ் சார்," என்றேன். (பொய் சொல்லக்கூடத் தெரியாத மண்டை.)

"அப்படியா. மிச்ச ஃபிசிக்ஸை உள்ளே ஆட்டுக்கல்லில் பண்ணு."

சாயங்காலக் கூட்டத்துக்கு வேண்டிய சட்னி முழுவதையும் நான்தான் அரைத்தேன். அதில் ஒரு சந்தோஷம் வேறு: குழவி சுற்றும்போதெல்லாம், கண்ணாடி கொஞ்சம் சாய்ந்து மாட்டியிருக்கும், அதனால்தான் கால் தெரியவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தபோது தோள்பட்டை கழன்றுவிட்டது. அல்ஜீப்ராவைத் திறந்தேன், அதன்மேலேயே படுத்துத் தூங்கிவிட்டேன். ஆறுமுகம் தோட்டத்தையும் ஹோட்டலையும் விட்டு நேரே வீட்டுக்குப் போய், விளக்கேற்றும் நேரத்துக்குள் பாதிப் புத்தகத்தை முடித்திருந்தான்.

அதற்கப்புறம் வீட்டில் அந்தக் கண்ணாடிக் கேள்வியைச் சொல்லியே புலம்பிக்கொண்டிருந்தேன். ரிசல்ட் வந்தது. ஃபிசிக்ஸில் நான் பாஸ். கண்ணாடிக் கேள்விக்கு என்ன கிடைத்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அது இல்லாமலேயே பாஸ். அல்ஜீப்ராவில் ஃபெயில்.

உங்கள் தாத்தா மதிப்பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண்ணாடி கண்ணாடின்னு அழுதியே, அதுல தேறியிருக்க. அழாததுல போயிருக்க. சரி, நாளைக்கு வெள்ளன எந்திரி," என்றார். அவ்வளவுதான். மறுநாள் அவரோடு குர்லாவுக்குப் போனேன். அந்த லேத்தில்தான் உங்களையெல்லாம் வளர்த்தேன். அதைப் பற்றி எனக்கு வெட்கம் இல்லை; அங்கே போன வழியைப் பற்றித்தான்.

ஆறுமுகம் ஆபீஸில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தான். எங்கள் கல்யாணத்துக்கு வந்தவன், சாப்பாட்டுப் பந்தியிலேயே உங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்கு விமோசனம் இல்லை. உங்களுக்குப் பரீட்சை நடக்கிற நாட்களில் உங்கள் அம்மா வாசலிலேயே நிற்கிறாள். "கேள்வித்தாளை மடிச்சுப் பைக்குள்ள வைங்க. அப்பா கண்ணுல பட்டுச்சுன்னா சட்னி அரைக்கக் கெளம்பிருவாரு," என்கிறாள். நீங்களும் சிரித்துக்கொண்டே பைக்குள் திணிக்கிறீர்கள்.

சரிதான். திணியுங்கள். முடிந்த பரீட்சையைப் பேசக் கூடாது என்று இவ்வளவு நேரம் நான்தானே சொன்னேன். ஆனால் நேற்று எழுதினீர்களே அந்த ஃபிசிக்ஸ் தாள், அதை மட்டும் அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு தடவை காட்டினால் என்ன?