அட்டைகொண்ட படலம்

தூசியே! தும்மலின் தாயே! காகிதம் தின்று கொழுத்த கரப்பான் குலத்தின் காவல் தெய்வமே! வந்து என் நாவில் அமர்ந்தருள்க. பாடப்போவது சாமானியரை அல்ல. காப்பீட்டு அலுவலகத்தின் மேலாளர், கைக்குக் கிடைத்ததையெல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்ததால் முதுகுக்குப் பின்னால் 'உறையார்' என்று அழைக்கப்படும் பெருந்தகை, ரப்பர்க் கையுறை அணிந்த ரணதீரர், அவர் வென்ற போரையே பாடப்போகிறேன்.

என்றோ நின்றுபோன ஒரு பல்சுவை வார இதழை ஒன்றுவிடாமல் சேர்ப்பதே உறையாரின் வாழ்நாள் நோன்பு. மனைவியின் புடவைகள் நாடிழந்த மன்னர்களாய்க் கட்டிலடிப் பெட்டிக்குக் குடிபெயர, இரும்பு அலமாரியின் அடுக்குகள் எல்லாவற்றிலும் அந்த இதழ்களே உறையிட்டு, ஒட்டுநாடா போட்டு, அந்துருண்டை மணக்க அரசோச்சின. அவற்றில் ஒன்றைக்கூட உறையார் படித்ததில்லை. படிப்பதா? எழுத்துக்கூட்டத் தெரிந்த எவரும் செய்யும் அற்பத்தொழில் அல்லவா அது!

அந்த அற்பத்தொழிலில் ஆசை வைத்தவர் அவருடைய மனைவி. பள்ளிக்கூட வயதில் அந்த இதழில் வந்த தொடர்கதை ஒன்றை வாராவாரம் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் படித்தவர். கடைசி அத்தியாயம் வருமுன் பக்கத்து வீட்டார் வீடு மாறிப் போய்விட்டார்கள். தன்னை விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்தவனை அந்தக் கதையின் நர்ஸ் மன்னித்தாளா இல்லையா? கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, அவர்களும் வேலைக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி அவருக்குள் அப்படியே இருந்தது. அந்தக் கடைசி அத்தியாயம் வந்த இதழ்தான் உறையாரிடம் இல்லாத ஒரே இதழும்.

"கிடைச்சா ஒரே ஒரு தடவை பிரிச்சுப் படிச்சுட்டுக் குடுத்துடறேங்க."

"பிரிக்கறதா? பிரிச்சா அதோட மதிப்பு என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?" என்று முழங்கினார் உறையார். அந்த முழக்கத்தில் சுவர்ப்பல்லி வால் துறந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய பேப்பர் கடையின் மூலையில், ரசாயனப் பாடநூல்களின் சடலங்களுக்கும் நாளிதழ் மலைகளுக்கும் நடுவே, மேகத்திடை மதியமென அந்த இதழ் முகம் காட்டியது. பாய்ந்தது உறையாரின் வலக்கரம். அதே கணத்தில் எதிர்ப்புறமிருந்து, ஆயிரம் கடைவாய்ப்பற்களை ஆட்டிப் பிடுங்கிய அனுபவம் முறுக்கேறிய இன்னொரு கரம் பாய்ந்தது. பல் டாக்டர்! அதே இதழைச் சேர்க்கும் ஜென்மப் பகைவர்!

"நான்தான் சார் முதல்ல பார்த்தேன்!"

"பார்த்தா போதுமா? பிடிச்சது நான்!"

இரு மத்தகஜங்கள் ஒரு கரும்புக்கு மல்லுக்கட்டியதுபோல் இருவரும் இழுத்தனர். ஒருவர் மூக்குக்கண்ணாடி சரிந்தது, மற்றவர் சட்டைப் பொத்தான் தெறித்துத் தராசுத்தட்டில் விழுந்தது. தும்மல்கள் பேரிகையாய் அதிர்ந்தன.

"சார், ரெண்டு பேரும் படிச்சவங்கதானே? விடுங்க சார், கிழிஞ்சிடப் போகுது!" என்று கடைக்காரர் ஓடிவந்தார்.

படித்தவர்கள் என்ற அவச்சொல் அவர்கள் காதில் ஏறவில்லை. துருவேறிய ஸ்டேப்பிள் பின்கள் இரண்டும் உயிர்நீத்தன. டாக்டர் கையோடு போயின உள்தாள்கள் அத்தனையும். உறையாரின் கையிலோ, அகா, அட்டை! தேதியும் இதழ் எண்ணும் பொறித்த, மழுங்காத மூலைகள் நான்குடைய அட்டை! தொகுப்பில் ஓர் இதழ் உண்டென்று ஊருக்குச் சொல்வது அட்டைதானே? சேர்ப்போர் சாத்திரம் அறிந்த டாக்டர் தோல்வியை அக்கணமே ஒப்புக்கொண்டார்.

"அட்டை போனப்புறம் இது எனக்கு எதுக்கு? கொண்டுபோய் கிளினிக்ல போடறேன். பல்லு பிடுங்க வர்றவங்களாவது புரட்டட்டும்."

பகைவரின் புலம்பல் செவியில் தேனாய்ப் பாய, வீடு மீண்டார் வெற்றித்திருமகன். மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வேகமாக வந்தார்.

"கிடைச்சிடுச்சா? குடுங்க... ஏங்க, உள்ளே எங்கே?"

"உள்ள என்ன இருக்கு, வெறும் கதை! அதைப் போய் அந்தப் பல் டாக்டர் வெயிட்டிங் ரூம்ல போடப் போறானாம், பைத்தியக்காரன்."

மனைவி அட்டையைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், பிறகு மெல்ல இடக்கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். உறையார் அதைக் கவனிக்கவில்லை. புதிய உறையெடுத்து, மூச்சடக்கி, உள்ளே எழுத்தொன்றும் இல்லாத அந்த உன்னத வெறுமையை அதனுள் இறக்கி, நாற்புறமும் ஒட்டுநாடாவால் அரண் அமைத்து, முழுமையடைந்த அலமாரியின் முன் மூவுலகும் வென்ற முடிமன்னராய் இடுப்பில் கைவைத்து நின்றார்.

மறுநாள் அவர் மனைவி பல் வலி என்று கிளினிக்குக்குப் போய், கதையை முடித்துவிட்டு, பல்லைக் காட்டாமலே வந்துவிட்டார்.